காருக்குக் கவர்: வேலியே பயிரை மேயலாமா?

சென்னை ராயபுரத்தில் ஒரு குடும்பம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

கணவர் வாடகைக் கார் ஓட்டுகிறவர். பல ஆண்டுகள் பிறருடைய காரை ஓட்டிக் கை காய்த்தவர். ஒருநாள் சொந்தமாக ஒரு கார் வாங்கினார். பழைய கார்தான். மனைவியின் சீட்டுப் பணம் பாதி. பாங்கிக் கடன் பாதி. கருநீல நிறம். முகம் பார்க்கலாம் போல் பளபளத்தது.

வீட்டில் கார் நிறுத்த இடம் ஏது? தெருவில்தான் நிறுத்த வேண்டும். ஒரு பக்கம் கடற்காற்று. மறு பக்கம் துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் கிளப்பும் புழுதி. தலைக்கு மேலே வேப்பமரம். மரம் நிறையக் காக்கைகள்.

"என்னங்க, இவ்வளவு பணம் போட்டு வாங்கியிருக்கோம். இதுக்கு ஒரு கவர் வாங்கிப் போடக்கூடாதா?" என்றார் மனைவி.

அன்று மாலையே கவர் வந்தது. அன்று முதல் அது தினப்படி வேலை ஆயிற்று. இரவு சவாரி முடிந்து வந்ததும், புழுதி படிந்த கார்மேல் கவரை இழுத்து மாட்டுவார். காலையில் ஒரு முனையைப் பிடித்து 'சர்' என்று உருவுவார். தரையில் போட்டுச் சுருட்டுவார். டிக்கியில் திணிப்பார்.

எட்டு மாதம் போயிற்று. ஒருநாள் காலை வெயில் பானெட்டின்மேல் சாய்வாக விழுந்தது. பார்த்தவர் திடுக்கிட்டார். பானெட் முழுவதும் சிலந்தி வலை கட்டியதுபோல் மெல்லிய கீறல்கள்! கதவு ஓரங்களில் பால் தெளித்ததுபோல் மங்கல்!

பக்கத்துத் தெருவில் பெயிண்டுப் பட்டறை வைத்திருக்கும் பெரியவரிடம் ஓடினார்.

"பாருங்க அண்ணே! யாரோ பொறாமையில் கீறிட்டாங்க!"

பெரியவர் விரலால் தடவிப் பார்த்தார். காரைப் பார்த்தார். டிக்கியில் கிடந்த கவரைப் பார்த்தார்.

"யாரும் கீறலே தம்பி. நீதான் கீறியிருக்கே. தினம் ரெண்டு தடவை" என்றார்.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. கார் தெருவில் நிற்கும் ஊர் எதுவானாலும் அங்கே நடக்கிற கதை. காரைக் காக்க வாங்கிய கவரே காரைக் கெடுக்கிறது. வேலியே பயிரை மேய்கிறது!

குற்றவாளி யார்?

கவர் துணி மென்மையானதுதான். அது தானாகக் கீறாது. துணிக்கும் பெயிண்டுக்கும் நடுவே இருக்கிறதே புழுதி, அதுதான் கீறுகிறது.

தெருப் புழுதியில் நுண்ணிய மணல் இருக்கிறது. மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்னும் கல். ஃபிரெடரிக் மோஸ் (1773–1839) என்ற ஜெர்மன் அறிஞர், எந்தக் கல் எந்தக் கல்லைக் கீறும் என்று வரிசைப்படுத்தினார். மிக மென்மையான கல்லுக்கு 1. வைரத்துக்கு 10. அந்த வரிசையில் குவார்ட்ஸுக்கு 7 கிடைத்தது. ஜன்னல் கண்ணாடிகூடச் சுமார் 5½தான். கண்ணாடியையே கீறும் மணல், காரின் பெயிண்டை விட்டு வைக்குமா?

தச்சர் உப்புத்தாள் வைத்து மரத்தை இழைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது என்ன? காகிதத்தில் ஒட்டிய பொடிக்கல்தானே! புழுதி படிந்த கார்மேல் கவரை இழுத்தால், கவரே உப்புத்தாள் ஆகிவிடுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரவு ஒரு முறை, காலை ஒரு முறை. ஆண்டுக்கு 730 முறை உப்புத்தாள் போட்ட காருக்குப் பளபளப்பு எங்கிருந்து வரும்?

மயிரிழை அளவே காப்பு

"பெயிண்டு கெட்டியாகத்தானே இருக்கிறது!" என்று சிலர் நினைக்கலாம்.

கார்த் தொழிற்சாலையில் பெயிண்டு அடிப்பது சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போன்றது அல்ல. முதலில் இரும்புக் கூட்டை அப்படியே பெயிண்டுத் தொட்டியில் முக்குகிறார்கள். மின்சாரத்தின் உதவியால் பெயிண்டு இடுக்கெல்லாம் போய் ஒட்டிக்கொள்கிறது. இது துருவைத் தடுக்கும் பூச்சு. அதன்மேல் பிரைமர். அதன்மேல் நிறம். எல்லாவற்றுக்கும் மேலே, கண்ணாடிபோல் நிறமில்லாத ஒரு பூச்சு. பெயிண்டர்கள் இதைக் 'கிளியர் கோட்' என்கிறார்கள்.

இந்தப் பூச்சுகள் எல்லாம் சேர்ந்து சுமார் 100 முதல் 150 மைக்ரான் கனம். மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. கிளியர் கோட்டின் கனம் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான்தான். மனிதனின் தலைமயிர் ஏறக்குறைய 50 முதல் 100 மைக்ரான் இருக்கும். மயிரிழை கனம்கூட இல்லாத பூச்சை நம்பித்தான் காரின் அழகு நிற்கிறது!

"கீறல் விழுந்தால் பாலிஷ் போட்டால் போகிறது" என்று சிலர் சமாதானம் சொல்லுவார்கள். பாலிஷ் கீறலை நிரப்புவதில்லை. கீறலின் ஆழத்துக்குச் சுற்றியுள்ள பூச்சைத் தேய்த்து எடுக்கிறது. மயிரிழை கனத்தில் எத்தனை முறை தேய்க்க முடியும்? பழைய நாள் அம்பாசடர் காரில் நிறப் பெயிண்டே மேல் பூச்சாக இருந்தது. தேய்த்தால் அடியிலிருந்து புது நிறம் வரும். அம்பாசடர் உற்பத்தியே 2014-ல் நின்றுவிட்டது. இன்றைய காரில் கிளியர் கோட் தேய்ந்து போனால், மறுபடி பெயிண்டு அடிப்பதுதான் வழி.

அது சின்னச் செலவா? பெயிண்டு கெட்ட காரை விற்கப் போனால், வாங்க வருகிறவர் முதலில் பானெட்டைத்தான் பார்க்கிறார். எஞ்சின் நன்றாக இருந்தாலும் விலையைக் குறைக்கிறார். வீட்டுக்காரம்மாள் மாதா மாதம் மிச்சம் பிடித்துக் கட்டிய சீட்டுப் பணம் அல்லவா அப்படித் தேய்ந்து போகிறது!

காற்றும் ஈரமும்

கவரைப் போட்ட பிறகும் ஆபத்து தீரவில்லை.

தளர்ந்த கவர் காற்றில் படபடவென்று அடித்துக்கொள்ளும். அது அடிக்கும் இடமெல்லாம் பூச்சு மங்கும். கதவு ஓரம், பம்பர் முனை, பக்கக் கண்ணாடி ஆகியவைதான் முதலில் கெடும். ராயபுரத்துக் காரில் பால் தெளித்ததுபோல் தெரிந்தது இதுதான். கயிற்றின் நுனியில் இரும்புக் கொக்கி இருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஈரம் இன்னொரு பகை. கடைக்குப் போகும் பலர், "தண்ணீர் புகாத கவர் கொடுங்கள்" என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்வி அது மட்டும் அல்ல. "காற்று போகுமா?" என்றும் கேட்க வேண்டும்.

இட்லிக் குண்டானின் மூடியைத் திறந்து பாருங்கள். உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கும். வெளியிலிருந்து யாரும் ஊற்றவில்லை. உள்ளே எழுந்த ஆவிதான் நீராயிற்று. பிளாஸ்டிக் தாளைக் காரில் போர்த்தினாலும் இதே கதை. தரையிலிருந்து ஈர ஆவி எழும்பும். மேலே போக வழி இல்லை. இரவுக் குளிரில் அது நீராகிக் காரின்மேல் தங்கும். பகல் வெயிலில் வேகும். நாள் கணக்கில் இப்படியே இருந்தால் பெயிண்டில் வெள்ளை மங்கல் விழும், கொப்புளமும் வரலாம். ஏற்கனவே பெயிண்டு பெயர்ந்த இடத்தில் துரு பிடிக்கும்.

கடலோர ஊர்களில் இது இன்னும் கடுமை. காற்றில் உப்பு இருக்கிறது. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். உப்பும் ஈரமும் சேர்ந்தால் இரும்புக்கு எமன்.

தார்ப்பாயும் பிளாஸ்டிக் தாளும் காருக்கு வேண்டவே வேண்டாம்.

யாருக்குக் கவர் வேண்டும்? யாருக்கு வேண்டாம்?

இங்கே ஒரு கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். தினமும் வெளியே போகிற காருக்குத் தினமும் கவர் போடுவது தவறு!

"வெயில் கெடுக்குமே!" என்று கேட்கலாம். உண்மைதான். கத்திரி வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் கிளியர் கோட்டை மெல்ல மெல்ல அரிக்கும். ஆனால், அது ஆண்டுக்கணக்கில் செய்யும் வேலை. புழுதிக் கவர் மாதக்கணக்கிலேயே செய்துவிடும். மேலும், தினமும் ஓடும் வண்டிக்குக் கவர் போடுவது பெரும்பாலும் இரவில். இரவில் வெயில் ஏது?

தினமும் காரைக் கழுவித் துடைத்துவிட்டு, சுத்தமான கவரைப் பதமாகப் போட முடிகிறவர்கள் போடட்டும். எத்தனை வீட்டில் அது முடியும்? முடியாதவர்கள் நிழலில் நிறுத்தட்டும். எச்சமும் பிசினும் விழும் மரத்தடியை விட, கட்டடத்தின் நிழல் மேல். வாரம் ஒரு முறை ஒழுங்காகக் கழுவட்டும். அது போதும்.

அப்படியானால் கவர் யாருக்கு? வாரக்கணக்கில் ஓடாமல் நிற்கும் காருக்கு. ஊருக்குப் போகிறவர்கள், வெளிநாட்டில் மகன் வாங்கி வைத்த காரைப் பார்த்துக்கொள்ளும் பெற்றோர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டி எடுக்கிறவர்கள்... இவர்களுக்குக் கவர் நல்ல காவல். ஒரு நிபந்தனை உண்டு. கார் சுத்தமாக இருக்க வேண்டும். கவரின் உள்பக்கமும் சுத்தமாக இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் கவர் போடாமல் விடுவதே நல்லது.

புதிதாகப் பெயிண்டு அடித்த காருக்குச் சில வாரங்கள் கவர் போடவே கூடாது. பெயிண்டு முழுவதும் காய வேண்டும். எவ்வளவு நாள் என்று அடித்தவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

காரின் பெயரைச் சொல்லி அதற்கென்றே தைத்த கவரை வாங்குங்கள். 'எல்லாக் காருக்கும் ஒரே அளவு' என்றால் ஓரிடத்தில் இறுகும், ஓரிடத்தில் தொளதொளக்கும். பக்கக் கண்ணாடிகளுக்குப் பை தைத்திருக்க வேண்டும். அடிவயிற்றில் கட்டும் பட்டை வேண்டும். பட்டையின் கொக்கி பிளாஸ்டிக்காக இருக்கட்டும்.

உள்பக்கத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குழந்தைக்குப் போர்த்தும் துணிபோல் மெத்தென்று இருந்தால் வாங்கலாம். சொரசொரப்பாக இருந்தால் வேண்டாம்.

மலிவான கவர் வெயிலில் சீக்கிரம் நைந்துவிடும். வெள்ளிப் பூச்சு உதிரும். கையில் பொடி ஒட்டும். அந்த நிலை வந்தால் ஆசைப்பட்டு வைத்திருக்காதீர்கள். தூக்கி எறியுங்கள்.

போடுவது எப்படி? எடுப்பது எப்படி?

எடுப்பதை முதலில் சொல்ல வேண்டும். ஒழுங்காக எடுத்தால்தான் ஒழுங்காகப் போட முடியும்.

கவரின் மேலே புழுதியும் சருகும் இருக்கும். மென்மையான துடைப்பத்தால் முதலில் அவற்றை மெல்லத் தள்ளிவிடுங்கள். அழுத்தக்கூடாது. பட்டைகளை அவிழுங்கள். ஒரு பக்கத்துத் தொங்கலைத் தூக்கிக் கார்க் கூரைமேல் மடியுங்கள். மறு பக்கத்தையும் அப்படியே மடியுங்கள். இப்போது கவர் ஒரு நீண்ட பட்டைபோல் காரின் நடுவே கிடக்கும். முன்னாலிருந்து பின்னால் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டிக்கொண்டே போங்கள். இழுக்கக் கூடாது, தூக்கிச் சுருட்ட வேண்டும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. புழுதி பட்ட வெளிப்பக்கம் வெளிப்பக்கத்தோடு சேர்ந்து மடிப்புக்குள் அடங்கிவிடுகிறது. காரைத் தொடும் உள்பக்கத்தில் புழுதி ஒட்டுவதில்லை. தரையில் போட்டுச் சுருட்டினால் இந்தப் பலன் எல்லாம் வீண். சுருட்டியதை ஒரு சுத்தமான துணிப்பையில் வையுங்கள்.

போடும்போது, சுருளைப் பின்பக்கம் வைத்து முன்னால் விரித்துக்கொண்டே வாருங்கள். பிறகு இரு பக்கத் தொங்கலையும் கீழே இறக்குங்கள். இரண்டு பேர் சேர்ந்தால் ஐந்து நிமிட வேலை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட மறுமுனையைப் பிடித்து உதவலாம்.

ஓடி வந்த சூட்டோடு கவர் போடாதீர்கள். எஞ்சினும் சைலன்சர் குழாயும் ஆறட்டும். அரை மணி நேரமாவது பொறுக்க வேண்டும். சைலன்சர் சூடு பட்டால் கவர் உருகி ஒட்டும். காரில் ஈரம் இருந்தாலும் போடாதீர்கள்.

மழைக்காலத்தில் கவர் நனைந்து காரோடு ஒட்டிக் கிடந்தால், மழை விட்டதும் எடுத்து உலர்த்துங்கள். வாரக்கணக்கில் நிற்கும் காரையும் வாரம் ஒரு முறை திறந்து காற்றாட விடுங்கள். அப்போதே பானெட்டையும் தூக்கிப் பாருங்கள். மூடிக் கிடக்கும் இருட்டு எலிக்கு மாமியார் வீடு. ஒயரைக் கடித்துவிட்டால் அந்தச் செலவு தனி.

தீபாவளி நாளில் பட்டாசு வெடிக்கும் தெருவில் கவரோடு காரை நிறுத்தாதீர்கள். செயற்கை இழை, பொறி பட்டதும் உருகும். உருகியது பெயிண்டில் ஒட்டிக்கொள்ளும். தீப்பிடித்தால் காரே போகும்.

கவரைத் துவைப்பது எப்படி?

கவரைத் துவைக்க வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது. வாங்கிய நாளிலிருந்து தண்ணீரே படாத கவர்கள் எத்தனையோ!

எப்போது துவைக்க வேண்டும் என்பதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. கவரின் உள்பக்கத்தை உள்ளங்கையால் தடவுங்கள். கையில் நறநறவென்று ஏதாவது தட்டுப்பட்டால் அன்றே துவைக்க வேண்டும்.

முதலில் கொடியில் போட்டு உதறுங்கள். காருக்குப் பக்கத்தில் நின்று உதற வேண்டாம். பிறகு கழுவிய மொட்டை மாடித் தளத்தில் விரியுங்கள். தண்ணீர் ஊற்றிப் புழுதியை ஓட விடுங்கள். குளிர்ந்த நீரில் காரம் குறைந்த சோப்புத் திரவத்தைக் கொஞ்சமாகக் கலந்து, மெல்லிய பிரஷ்ஷால் வெளிப்பக்கத்தைத் தேயுங்கள். அலசுங்கள். தளத்தை இன்னொரு முறை கழுவிவிட்டு, கவரைத் திருப்புங்கள். உள்பக்கத்துக்கு வேறு சுத்தமான துணி. வெளியே தேய்த்த பிரஷ் உள்ளே படக்கூடாது. நுரை நிற்கும் வரை அலசுங்கள். சோப்பு தங்கினால் அதுவும் பெயிண்டில் கறை போடும்.

செய்யக்கூடாதவை: பிளீச்சிங் பவுடர் போடாதீர்கள். துணிக்கு மணமும் மென்மையும் தரும் திரவம் ஊற்றாதீர்கள். அது நீரை ஒட்டவிடாத தன்மையைக் கெடுக்கும். வெந்நீர் வேண்டாம். இஸ்திரி வேண்டாம். முறுக்கிப் பிழிய வேண்டாம். வீட்டு வாஷிங் மெஷினில் திணிக்க வேண்டாம். தண்ணீர் புகாத துணி மடிப்புகளில் நீரைத் தேக்கிக்கொண்டு சுழலும்போது மெஷினையே ஆட்டிவிடும்.

நிழலில், காற்றில், இரு பக்கமும் காய வேண்டும். தையல் ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள். அங்கேதான் ஈரம் ஒளிந்திருக்கும். ஈரத்தோடு மடித்து வைத்த கவரில் பூஞ்சை பிடிக்கும்.

நான்கு வாளித் தண்ணீர்

"காரைக் கழுவு, கவரைத் துவை என்றால் தண்ணீருக்கு எங்கே போவது?" என்று வீட்டுப் பெண்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2019-ம் ஆண்டுக் கோடையைச் சென்னை மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். புழல், செம்பரம்பாக்கம், சோழவரம், பூண்டி ஏரிகள் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்தது. அந்த ஊரில் ரப்பர் குழாயைத் திறந்துவிட்டுக் கார் கழுவுவது பாவம்.

நான்கு வாளி போதும். முதல் வாளியைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலிருந்து ஊற்றி, புழுதியை ஊற வைத்து ஓட விடுங்கள். இந்தக் கட்டத்தில் துணி தொடவே கூடாது. இரண்டாவது வாளியில் கார் ஷாம்பு. மூன்றாவது வாளியில் வெறும் தண்ணீர். ஒவ்வொரு முறை துடைத்ததும் துணியை இதில் அலசி, மண்ணை இங்கே விட்டுவிட்டுத்தான் ஷாம்பு வாளிக்குப் போக வேண்டும். கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள். சக்கரத்துக்கு வேறு துணி. நான்காவது வாளி அலசுவதற்கு. உடனே மென்மையான துணியால் ஒற்றி எடுங்கள். ஆழ்குழாய்க் கிணற்று நீர் பெரும்பாலும் உப்பு நீர். அதைத் தானாகக் காய விட்டால் வெள்ளைப் புள்ளி விழும்.

கவர் துவைத்த கடைசி அலசல் நீரை வாசல் தெளிக்கலாம்.

பல வீடுகளில் காலை ஆறு மணிக்கு ஒருவர் வந்து கார் துடைத்துவிட்டுப் போகிறார். ஒரே வாளி. ஒரே துணி. வரிசையாகப் பத்துக் கார். முதல் காரின் மண் பத்தாவது கார் வரை போகிறது. அவரைக் குறை சொல்லிப் பயன் இல்லை. அவருக்குக் கிடைக்கும் கூலியில் அவர் வேறு என்ன செய்ய முடியும்? கார் வைத்திருப்பவர்தான் தம் காருக்கென்று இரண்டு துணியும் இன்னொரு வாளியும் கொடுக்க வேண்டும். கூலியிலும் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் குறைந்து போகாது.

எச்சம் விழுந்தால் நாளை பார்க்கலாம் என்று விடாதீர்கள். பறவை எச்சத்தின் வெள்ளைப் பகுதியில் யூரிக் அமிலம் இருக்கிறது. வெயில் சூட்டில் அதன் தடம் பூச்சிலேயே பதிந்துவிடும். நகத்தால் சுரண்டாதீர்கள். நனைந்த துணியைச் சிறிது நேரம் அதன்மேல் போட்டு வையுங்கள். ஊறியதும் ஒற்றி எடுங்கள். கவரின்மேல் விழுந்த எச்சத்தையும் அப்படியே எடுக்க வேண்டும்.

கவர் எங்கே போயிற்று?

ராயபுரத்துக் குடும்பத்துக்குத் திரும்புவோம்.

பெரியவர் சொன்னதைக் கணவர் வீட்டில் வந்து சொன்னார். மனைவிக்கு மனம் ஆறவில்லை. "நல்லது நினைச்சுத்தானே வாங்கினோம்!" என்றார்.

நல்லது நினைத்தது உண்மை. ஆனால், நல்லெண்ணம் மட்டும் போதாது. பிள்ளைக்குப் புதுச் சட்டை போடும் தாய், முதலில் குளிப்பாட்டுகிறாள். அழுக்கு உடம்பின்மேல் எந்தத் தாயும் புதுச் சட்டை மாட்டுவதில்லை. வீட்டில் தெரிந்த இந்த நியாயம் தெருவில் நிற்கும் காருக்கு வரும்போது மட்டும் ஏன் மறந்து போகிறது? துணிகொண்டு மூடிவிட்டால் அழுக்கு இல்லை என்று மனம் நம்பிவிடுகிறது. மூடியதால் அழுக்கு போய்விடாது. மூடின இடத்தில்தான் அது அதிக வேலை செய்யும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் மொட்டை மாடியில் கவரை விரித்தார்கள். முதல் வாளி ஊற்றியதும் ஓடிய தண்ணீர் காப்பிக் கஷாயம்போல் இருந்தது.

"இவ்வளவு மண்ணையா காருக்குப் போர்த்திட்டு இருந்தோம்!" என்றார் மனைவி.

காய்ந்த கவரைப் பைக்குள் வைத்துப் பரணில் ஏற்றினார்கள். இனி அது தினமும் இறங்காது. பொங்கலுக்குக் குடும்பத்தோடு ரயிலில் ஊருக்குப் போகும்போது இறங்கும். அதற்கு முன் கார் நான்கு வாளித் தண்ணீரில் குளித்திருக்கும்.

விழுந்த கீறல்கள் அப்படியேதான் இருக்கின்றன. புதிய கீறல் விழவில்லை. கடன் தவணை இன்னும் பாக்கி இருக்கிறது. தவணை முடியும் நாளில் அந்தக் கார் ஒரு நல்ல விலை பெறும் காராக நிற்க வேண்டும்.

உங்கள் வீட்டு வாசலிலும் கவர் போட்ட கார் ஒன்று நிற்கிறதா? இன்று மாலை அதன் உள்பக்கத்தை ஒரு முறை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். காவலா, உப்புத்தாளா என்று கையே சொல்லிவிடும்!